அப்பாவின் செருப்புச் சத்தம்

"வயிறு எரியுது டாக்டர். நெஞ்சு வரைக்கும் எரியுது. ராத்திரியில ஒரு பொட்டுத் தூக்கம் கிடையாது."

வீராம்பட்டினத்தில் என்னிடம் வைத்தியத்துக்கு வருகிற பெண்களில் நிறையப் பேர் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். அந்தப் பெண்ணும் அப்படித்தான் ஆரம்பித்தார். முப்பது வயதுகூட இருக்காது. மீன் கூடை சுமந்து தெருத் தெருவாக விற்கிறவர். (ஆள் அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

நாடி பார்த்தேன். அழல் நாடி தூக்கலாக இருந்தது. நாக்கு வறண்டு கிடந்தது. சித்த மருத்துவத்தில் குன்மம் என்று சொல்வோமே, அதன் ஆரம்பம். பாளையங்கோட்டைக் கல்லூரியில் படித்த காலத்தில் யூகி முனிவர் சொன்ன எட்டு வகைக் குன்மத்தையும் தலைகீழாக ஒப்பித்தவன் நான். சந்தேகமே இல்லாமல் ஏலாதி சூரணம் கொடுத்தேன். தூக்கத்துக்கு அமுக்கரா சூரணத்தைப் பாலில் கலந்து குடிக்கச் சொன்னேன். காரம், புளி குறைக்கச் சொன்னேன். "நேரத்துக்குச் சாப்பிடும்மா. எதுக்கும் கவலைப்படாதே" என்று சொல்லி அனுப்பினேன்.

கவலைப்படாதே! வைத்தியர்களாகிய நாங்கள் இந்த வார்த்தையை எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம், பாருங்கள்.

பத்து நாளைக்கு ஒருமுறை தவறாமல் வந்தார். மருந்தை ஒழுங்காகத்தான் சாப்பிட்டார். இரண்டு மாதம் ஆகியும் எரிச்சல் போகவில்லை. எண்டோஸ்கோப்பி எடுத்துப் பார்க்கச் சொன்னேன். புண் எதுவும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. எனக்கே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

"வூட்டுக்காரர் எப்படிம்மா?"

"நல்லவருதான் டாக்டர். கடலுக்குப் போறாரு."

"குடிப்பாரா?"

"எப்பவாவது."

இந்த 'எப்பவாவது' இருக்கிறதே... என் அனுபவத்தில் அதற்கு வாரத்தில் நாலு நாள் என்று அர்த்தம். ஆனால் அதற்கு மேல் நான் தோண்டவில்லை. வெளியே பத்துப் பேர் காத்திருந்தார்கள்.

ஒருநாள் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். மே மாதம், பள்ளிக்கூட லீவு. மீன்பிடித் தடைக்காலமும் அதுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குள் போகக் கூடாது. கடற்கரை ஊர்களில் ஆண்கள் வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கும் மாதங்கள் அவை. என்னிடம் வயிற்று எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை என்று பெண்கள் அதிகமாக வருவதும் அந்த மாதங்களில்தான். இதை நான் கவனிக்கவே பல வருஷம் ஆயிற்று.

மூத்தது பெண். ஒன்பது வயது. சின்னவன் ஒன்றரை வயசுப் பையன். கரண்ட் போய்விட்டது. பையன் புழுக்கத்தில் அழ ஆரம்பித்தான். அந்தப் பெண் தம்பியை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே மெல்லப் பாடினாள்.

ஆராரோ ஆரிரரோ அழுவாதடா எந்தம்பி
செருப்புச் சத்தம் நேரா வந்தா செல்லக்குட்டி முழிச்சிக்கோ
செருப்புச் சத்தம் கோணி வந்தா செத்த நேரம் தூங்கிக்கோ
போர்வைக்குள்ள நானிருக்கேன் பேசாமத்தான் தூங்கிக்கோ

நாடியில் வைத்த கையை நான் எடுத்துவிட்டேன்.

"யாரு பாப்பா சொல்லிக் குடுத்தா இந்தப் பாட்டை?"

"யாரும் இல்ல. நானே பாடுவேன்."

"செருப்புச் சத்தம் கோணி வர்றதுன்னா?"

அம்மா கண்ணாலேயே அதட்டினார். பெண் கவனிக்கவில்லை. கேள்விக்குப் பதில் தெரிந்த மாணவியைப் போல உற்சாகமாகச் சொன்னாள். "அப்பா சாராயம் குடிச்சிட்டு வந்தா ஒரு காலை இழுத்துக்கினு வருவாரு. சத்தம் வேற மாதிரி இருக்கும். தெரு முனையிலயே எனக்குத் தெரிஞ்சிடும் டாக்டர். அம்மாவுக்குக்கூடத் தெரியாது. எனக்குத்தான் தெரியும்."

அந்தப் பெண்மணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். பிறகுதான் எல்லாம் வந்தது. ஆறு வருஷமாகக் குடி. தினமும். மூக்குத்தி வரைக்கும் அடகுக் கடையில். தடைக்கால நிவாரணப் பணம் வந்தால் மூன்றாம் நாள் கையில் இருக்காது. இதுவரை பெற்ற அம்மாவிடம்கூடச் சொன்னதில்லையாம். "சொன்னா அவரத்தானே டாக்டர் கேவலமா பேசுவாங்க?"

இரண்டு மாதமாக நான் வயிற்றுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன். நோய் வாசல்படியில் இருந்திருக்கிறது.

குடிநோய் என்பது குடிக்கிறவரின் ஈரலோடு நிற்கிற வியாதி அல்ல. அந்த வீட்டில் பொழுது சாய்ந்தால் எல்லோருடைய உடம்பும் காவலுக்கு நிற்கிறது. இன்றைக்கு எப்படி வருவார், சோற்றைத் தட்டிவிடுவாரா, பக்கத்து வீட்டுக்குக் கேட்குமா என்று காது தெருவிலேயே இருக்கிறது. ஆபத்து வரும்போது சுரக்க வேண்டிய அட்ரினலினும் கார்ட்டிசாலும் தினமும் ராத்திரி சுரந்தால் உடம்பு என்ன ஆகும்? தூக்கம் கெடும். செரிமானம் கெடும். நெஞ்சு படபடக்கும். பிள்ளைகளுக்குத் தலைவலி, வயிற்றுவலி, படுக்கையில் சிறுநீர் போவது, பாடத்தில் கவனம் இல்லாமை. ஸ்கேனில் எதுவும் தெரியாது. 'இந்தப் பெண்ணுக்கு எப்பவும் ஒரு வியாதி' என்று வீட்டிலேயே பட்டம் கட்டிவிடுவார்கள்.

2019-ல் வெளியான அகில இந்திய ஆய்வு ஒன்றை எய்ம்ஸ் மருத்துவர்கள் மத்திய அரசுக்காகச் செய்தார்கள். நாட்டில் சுமார் 16 கோடிப் பேர் மது குடிக்கிறார்கள், அதில் 5.7 கோடிப் பேருக்கு மருத்துவ உதவியோ ஆலோசனையோ தேவை என்கிறது அந்த ஆய்வு. அது குடிக்கிறவர்களின் கணக்கு. வீட்டுக்கு ஒரு மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு தாயார் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

அந்தச் சிறுமியின் தாலாட்டு என்னைப் பல நாள் விடவில்லை. குடியைப் பற்றி நம்மிடம் பாட்டுக்கா பஞ்சம்? ஆனால் யோசித்துப் பார்த்தால் பெரும்பாலும் அவை குடிக்கிறவன் பாடுகிற பாட்டு. 1953-ல் வந்த 'தேவதாஸ்' படத்தில் நாகேஸ்வர ராவுக்காகக் கண்டசாலா பாடியதைக் கேட்டு எங்கள் அம்மா தலைமுறையே அழுதது. தேவதாஸின் அம்மா என்ன பாடுபட்டாள் என்று யாராவது கேட்டோமா? 2011-ல் உலகம் பூராவும் ஓடிய 'கொலவெறி' பாட்டும் காதலில் தோற்ற பையனின் புலம்பல்தான். 'சூப் பாட்டு' என்று அதற்குப் பெயர்கூட வைத்துவிட்டோம். நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் குடிகாரனாகத் தள்ளாடினால் சிரிப்புத்தான். நானும் சிரித்திருக்கிறேன். குடிகாரனுக்காக அழுகிறோம், குடிகாரனைப் பார்த்துச் சிரிக்கிறோம். அவன் வீட்டில் இருக்கிறவர்கள் பாட்டில் வருவதே இல்லை.

இன்னொரு வகை, கடைக்கு எதிரான பாட்டு. 2015-ல் தமிழ்நாட்டில் டாஸ்மாக் கடைகளை மூடச் சொல்லிப் பறையடித்துப் பாடிய கோவனைத் திருச்சியில் கைது செய்தார்கள். தேசத் துரோகப் பிரிவில் வழக்கு! அதே வருஷம் ஜூலையில்தான் காந்தியவாதி சசிபெருமாள் கன்னியாகுமரி மாவட்டத்தில் மதுக்கடைக்கு எதிரான போராட்டத்தில் உயிரை விட்டார். அந்தப் பாட்டும் போராட்டமும் நாட்டுக்குத் தேவைதான். ஆனால் எங்கள் ஊர்க் கதை வேறு. 1937-ல் சேலத்தில் ராஜாஜி ஆரம்பித்த மதுவிலக்கு 1948-ல் சென்னை மாகாணம் முழுக்க வந்தது. அப்போது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் கையில். அந்தச் சட்டம் எங்களுக்கு வரவில்லை. எல்லை தாண்டிக் குடிக்க வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்தே பழகிப்போன ஊர் இது. இங்கே 'கடையை மூடு' என்று பாடி, அது மூடுகிற வரைக்கும் அந்த ஒன்பது வயதுப் பெண் காத்திருக்க முடியாது. இன்று ராத்திரிக்கு அவளுக்கு என்ன வழி?

வீட்டுக்குள்ளிருந்து வருகிற பாட்டு நம்மிடம் இல்லாமல் இல்லை. தாலாட்டிலும் ஒப்பாரியிலும் அது இருக்கிறது. தாலாட்டு என்பது பிள்ளை தூங்க மட்டுமா? கேட்க ஆள் இல்லாத பெண்கள், பதில் பேசத் தெரியாத பிள்ளையிடம் புகுந்த வீட்டுக் குறையெல்லாம் சொல்லி ஆற்றிக்கொண்ட இடம் அது. ஒப்பாரியும் அப்படித்தான். குடித்தே செத்துப்போன புருஷன் வீட்டு வாசலில் உட்கார்ந்து கேளுங்கள். இருபது வருஷம் வாயைத் திறக்காத பெண் அன்றைக்கு எல்லாவற்றையும் ராகம் போட்டுச் சொல்வாள். யாரும் அவளைத் தடுக்க மாட்டார்கள். ஆனால் அது காலம் கடந்த வாக்குமூலம். கேட்க வேண்டியவர் கேட்க முடியாமல் படுத்திருப்பார்.

எழுத்திலும் சினிமாவிலும்கூட இந்தக் குரல் முன்பு ஒலித்திருக்கிறது. எம்.ஜி.ஆர். முதன்முதலாக நடித்த 'சதி லீலாவதி' (1936) என்ன கதை தெரியுமா? குடியால் கெட்டு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஓடிப்போகிற கணவன், இங்கே மகளோடு தனியே நிற்கிற மனைவி. எஸ்.எஸ்.வாசன் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை அது. அதற்கு மூலம், மதுவிலக்குப் பிரசாரத்துக்காக இங்கிலாந்தில் ஒரு பெண் எழுத்தாளர் 1860-ல் எழுதிய நாவல். அமெரிக்காவில் 1864-ல் ஹென்றி கிளே ஒர்க் என்பவர் ஒரு பாட்டு எழுதினார். மதுக்கடை வாசலில் நின்று ஒரு சிறுமி அப்பாவை வீட்டுக்குக் கூப்பிடுகிறாள். வீட்டில் அவள் தம்பி சாகக் கிடக்கிறான். அப்பா எழுந்து வருவதற்குள் தம்பி போய்விடுகிறான். பெண்கள் அதைப் பாடிக்கொண்டே மதுவுக்கு எதிராகத் திரண்டார்கள். அந்தச் சிறுமிக்கும் எங்கள் வீராம்பட்டினத்துச் சிறுமிக்கும் ஒன்றரை நூற்றாண்டு தூரம். இரண்டு பேருமே அக்காக்கள், கவனித்தீர்களா?

இந்தத் தாலாட்டைப் பற்றி வீட்டில் சொன்னபோது காலேஜில் படிக்கிற என் மகள், "அப்பா, இதைக் கேளுங்க" என்று ஒரு முழு ஆல்பத்தையே காதில் மாட்டிவிட்டாள். 'மவுண்டன் கோட்ஸ்' என்ற அமெரிக்கக் குழு 2005-ல் வெளியிட்ட 'சன்செட் ட்ரீ'. கிடாரும் குரலும்தான் பிரதானம், நாட்டுப்பாடல் மாதிரி. பாடகர் ஜான் டார்னியல், அடித்து உதைக்கிற வளர்ப்புத் தந்தையோடு தான் வளர்ந்த வீட்டைப் பற்றியே பாட்டு பாட்டாகப் பாடியிருக்கிறார். ஒரு பாட்டில், கீழே வீட்டில் சண்டை. ஐந்தாறு வயதுப் பையன் மாடிக்கு ஓடிப்போய் சின்ன ரெக்கார்ட் பிளேயரின் மேல் காதை ஒட்டிவைத்துக்கொள்கிறான். இங்கிலீஷ் பாதி புரியவில்லை. ஆனால் அந்தக் காது எனக்குப் புரிந்தது. இப்படி அடிபட்டு வாழ்கிற இளம்பிள்ளைகளுக்கே அந்த ஆல்பத்தை அவர் சமர்ப்பணம் செய்திருக்கிறாராம்.

சரி, அந்தக் குடும்பத்துக்கு வருவோம்.

அன்று அழுது முடித்ததும் அந்தப் பெண்மணி மெதுவாகக் கேட்டார். "காபியில கலந்து குடுக்குற பவுடர் இருக்காமே டாக்டர்? அவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்திடுமாமே?"

இந்தக் கேள்வியை மாதம் ஐந்தாறு பேர் கேட்கிறார்கள். அதனால் அழுத்தமாகச் சொல்கிறேன். ஒருவருக்குத் தெரியாமல் கொடுத்துக் குடியை நிறுத்துகிற மருந்து சித்த மருத்துவத்தில் இல்லை. வேறு எந்த வைத்தியத்திலும் இல்லை. டைசல்பிராம் என்று ஒரு அலோபதி மாத்திரை உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே கொடுக்க வேண்டியது அது. 'மூலிகைப் பவுடர்' என்ற பெயரில் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காபியில் கலக்காதீர்கள், அம்மா!

அவரிடம் நான் சொன்னது ஒன்றுதான். "ராத்திரி அவர் குடிச்சிருக்கும்போது எதுவும் பேசாதே. சண்டையும் வேண்டாம், அழுகையும் வேண்டாம். காலையில தெளிவா இருக்கும்போது, திட்டாம, நடந்ததை மட்டும் சொல்லு. உன் பொண்ணு என்ன பாடுறான்னு சொல்லு. அது போதும். ஆனா அவர் கை ஓங்கினா நீயும் பிள்ளைங்களும் அங்க நிக்கக் கூடாது. எங்க போறதுன்னு இப்பவே யோசிச்சு வெச்சுக்கோ." பக்கத்துத் தெருவில் இருக்கும் அம்மா வீட்டைச் சொன்னார். அப்படியானால் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும் என்றேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

சொன்னபோது கணவர் முதலில் சிரித்தாராம். "என் பொண்ணு பாட்டெல்லாம் கட்டுதா!" என்றாராம். நாலு நாள் கழித்து என்ன செய்தார் தெரியுமா? தெரு முனையிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். மகளுக்குக் கேட்கக் கூடாதாம்! அப்படியும் அவள் கண்டுபிடித்துவிட்டாள். மறுநாள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்: "சத்தமே வரலன்னா ரொம்பக் குடிச்சிருக்காருன்னு அர்த்தம்மா."

அதையும் மனைவி அவரிடம் சொல்லிவிட்டார். ஒரு வாரம் கழித்து மச்சானோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தார். காலை நேரம். நீட்டிய கை நடுங்கியது. கண்ணின் வெள்ளையில் லேசான மஞ்சள். "நாளையிலேருந்து தொட மாட்டேன் டாக்டர். செங்கழுநீரம்மன் மேல சத்தியம்."

"தம்பி, சத்தியம் பண்ணாதே. வீட்டில இருந்துகிட்டு திடீர்னு நிறுத்தவும் நிறுத்தாதே" என்றேன். இருவரும் என்னை விநோதமாகப் பார்த்தார்கள்.

வாசகர்களும் அப்படிப் பார்க்கலாம். காரணம் இருக்கிறது. வருஷக்கணக்காகத் தினமும் குடிக்கிறவர் சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, பதற்றம் வரும். முதல் இரண்டு நாளில் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாளில் இல்லாத ஆள் தெரிவது, பூச்சி ஊர்வதாகத் தோன்றுவது, இடம் காலம் புரியாமல் பிதற்றுவது என்று முற்றினால் உயிர் போகவும் வாய்ப்புண்டு. ஊரில் இதை 'காத்து கருப்பு' என்று சொல்லி மந்திரிக்கக் கூட்டிப் போகிறார்கள். போகவே கூடாது! அந்த நாட்களில் வேண்டியது ஆஸ்பத்திரிப் படுக்கை, நடுக்கத்தை அடக்கும் மாத்திரைகள், தயமின் என்கிற பி-1 வைட்டமின் ஊசி. இதில் சித்தமா அலோபதியா என்ற கௌரவம் பார்க்கக் கூடாது. கீழாநெல்லிக்கும் கரிசாலைக்கும் பிறகு நேரம் இருக்கிறது. புதுச்சேரியில் ஜிப்மர் போன்ற மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணைக் கூப்பிடலாம். கட்டணம் இல்லை. குடிக்கிறவர்தான் பேச வேண்டும் என்பதில்லை, வீட்டில் இருக்கிறவர்களும் பேசலாம்.

அவரை மனநலப் பிரிவில் சேர்த்தார்கள். ஜூன் கடைசியில் வீடு திரும்பினார்.

குடும்பத்துக்கும் சேர்த்து வைத்தியம் வேண்டும் என்பது இன்று புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. 1935-ல் அமெரிக்காவில் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' தொடங்கியவர்களில் ஒருவரின் மனைவி லோயிஸ். கணவன்மார்கள் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்க, வெளியே காத்திருந்த மனைவிமார்களுக்கும் பேச ஏராளம் இருக்கிறது என்று கண்டவர். 1951-ல் குடும்பத்தினருக்கென்றே 'அல்-அனான்' பிறந்தது. 1957-ல் பிள்ளைகளுக்கென்று 'அலட்டீன்'. சென்னையில் சாந்தி ரங்கநாதன், கணவரையே குடிநோய்க்குப் பறிகொடுத்தவர். 1980-ல் கணவர் டி.டி.ரங்கநாதன் பெயரில் அவர் தொடங்கிய சிகிச்சை நிலையத்தில் குடும்பத்தினருக்கும் ஆலோசனை உண்டு. கூட்டங்களில் சொல்லித் தருவது இதுதான்: அவர் குடிப்பதற்கு நீ காரணம் இல்லை, உன்னால் அதை அடக்கவும் முடியாது, ஆனால் உன் உடம்பையும் மனசையும் நீ பார்த்துக்கொள்ளலாம். 'நான் சரியா இருந்திருந்தா அவர் குடிச்சிருக்க மாட்டார்' என்று எத்தனை பெண்கள் நம்புகிறார்கள்! அந்த ஒன்பது வயதுப் பெண்கூட, தான் கணக்கில் குறைவாக மார்க் வாங்கியதால்தான் அப்பா குடித்தார் என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

ஆடி மாதம் ஐந்தாம் வெள்ளி வந்தது. செங்கழுநீரம்மன் தேர். கவர்னர் வந்து வடம் பிடிக்கிற திருவிழா. வெளியூரிலிருந்தெல்லாம் சொந்தக்காரர்கள் வந்து குவிவார்கள். நான் பயந்ததே நடந்தது. அன்று ராத்திரி அவர் குடித்துவிட்டார். மறுநாள் மனைவி ஓடிவந்து, "எல்லாம் போச்சு டாக்டர்" என்றார். போகவில்லை. இந்த நோயில் சறுக்கல் சகஜம். சர்க்கரை நோயாளி கல்யாண வீட்டில் ஜிலேபி சாப்பிட்டுவிட்டால் வைத்தியத்தையா நிறுத்திவிடுகிறோம்? மச்சான் அவரை மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். இந்த முறை அவராகவே கிளம்பினாராம்.

சென்ற வாரம் மழையில் நனைந்துகொண்டு அந்தப் பெண்மணி வந்தார். எரிச்சல் பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. எந்த மருந்தில் குறைந்தது என்று எனக்குத் தெரியும். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்ன நாளிலிருந்து குறைய ஆரம்பித்ததாக அவரே சொன்னார். மூக்குத்தி இன்னும் அடகில்தான்.

"பாப்பா எப்படி இருக்கா?"

"மூணு மாசமா அவரு நேராத்தான் வர்றாரு டாக்டர். தம்பிகூட இப்பல்லாம் தாலாட்டுக் கேக்குறதில்ல, பாட்டுன்னா ஓடிடுறான். ஆனா இவ மட்டும் அந்தச் செருப்புச் சத்தம் கேட்ட அப்புறம்தான் கண்ணை மூடுறா."

ஏலாதி சூரணத்தைப் பாதியாகக் குறைத்தேன். அடுத்த முறை பெண்ணைக் கட்டாயம் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன்.